அறுபது என்று எழுதியவர்

எதிரே நிற்பவரின் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு, அது பழையபடி படிய எத்தனை நொடி ஆகிறது என்று சிவசாமி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்து கருவிழியின் ஓரம். அடுத்து முழங்கை. "ஐம்பத்தெட்டு" என்பார், தராசில் நிறுத்துச் சொல்வதைப் போல.

இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு அவர் எழுதுவதுதான் வயது. அறுபது என்று எழுதிவிட்டால் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பேர் வெட்டப்படும். வேலை போகும், பின்னாலேயே குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

கெட்ட மனிதரல்லர். மீனெண்ணெயைப் பிள்ளைகளின் வாயில் தாமே ஊற்றி, விழுங்கும்வரை மூக்கைப் பிடித்திருப்பார். துரை பங்களாவில் படித்துக் கழித்த ஆங்கிலச் சஞ்சிகைகள்தாம் அவருக்கு விருந்து. போன வருடம், 1964இல், அப்படி வந்த ஒரு கட்டுரையை நான்கு முறை படித்தார். மூச்சில் வாங்கும் பிராணவாயுவே உடம்பின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, பரம்பரையைச் சுமக்கும் இழையைக் காயப்படுத்துகிறதாம். உடம்பு அதைப் பழுதுபார்த்துக்கொண்டே வருமாம். பழுதுபார்ப்பு பின்தங்கினால் மூப்பு.

மருந்துக்கு வரும் எல்லாருக்கும் அதைச் சொன்னார். "ஃபெக்டரியில பாத்திருக்கீங்கதானே? கசங்குன கொழுந்துல காத்துப் பட்டா செவந்து போகுதுல்ல? ஒடம்புக்குள்ளயும் அதே கததான். ஆனா ஒடம்பு சும்மா இருக்காது, ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்கும்."

"எங்களுக்கு ஒட்டுப் போடத் துணி பத்தல போலங்க" என்றாள் மருந்துக்கு வந்திருந்த நாகலெட்சுமி. அவரும் சேர்ந்து சிரித்தார்.

இந்தப் பங்குனியில் வயது பார்ப்பதற்குக் காளியாயி முறை வந்தது. கொழுந்தெடுப்பவள். கிள்ளினார், பார்த்தார், "அறுபது" என்றார். கையெழுத்திட்ட தாளை உடனே ஆபீசுக்கு அனுப்பியும் விட்டார். அவள் நகரவில்லை.

"ஐயா பொறந்தது எந்த வருசமுங்க?"

"இருபத்தொண்ணு. ஏன்?"

"நானும் அந்த வருசந்தாங்க. ஆத்தாமாரு மலைக்குப் போறப்ப புள்ளைகள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல ஒங்க தொட்டியும் எந்தொட்டியும் பக்கத்துல பக்கத்துல தொங்குமாம். எங்காத்தா சொல்லும்."

வரிசையில் நின்ற நாகலெட்சுமி விடவில்லை. "அப்ப ஐயா பேரையும் வெட்டச் சொல்லுங்கடி!"

கொல்லென்று சிரிப்பு. சிவசாமி குனிந்து மருந்துப் போத்தலின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அவரும் அதே லயத்தில் பிறந்தவர்தான். பத்து வயதில் ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போனபின் அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் தோட்டத்துக்கே தெரியும்.

எல்லாரும் போனபின் அந்தக் கட்டுரையை எடுத்தார். காயத்தைப் பற்றிய வரிகளுக்கெல்லாம் பென்சிலால் கோடிட்டிருந்தார். பழுதுபார்ப்பைப் பற்றிய பகுதி வெறுமையாகக் கிடந்தது. காளியாயியின் உடம்பு எதை வைத்துப் பழுதுபார்த்திருக்கும்? ஏழு பேறு. பகலுக்கு ஒரு ரொட்டி, பாலில்லாத சாயத்தண்ணி. விடியுமுன் அடுப்புப் புகை, விடிந்தபின் நனைந்த கம்பளி. இரண்டு உடம்பும் ஒரே வருடத்தில் புறப்பட்டவை. அவருடைய தலையில் இன்னும் நரையில்லை.

ஆபீசுக்கு நடந்தார். பெரிய கிளாக்கரிடம் தாளைத் திருப்பிக் கேட்டார்.

"பிழையா எழுதிட்டேன். நாப்பத்திநாலு."

"அவ்வளவு உறுதியா எப்படி ஐசே சொல்றீர்?"

"அது என் வயசு."

கிளாக்கர் சிரித்துக்கொண்டே அறுபதை அடித்துத் திருத்தினார். பிறகு கோப்பைப் புரட்டி, "இதுக்கு முந்தி நீர் எழுதின அறுபது பதினொன்று இருக்கே, அதையெல்லாம் என்ன செய்யிறது?" என்றார், விளையாட்டாக. அந்தப் பதினொருவரில் ஒருவர்கூட இப்போது தோட்டத்தில் இல்லை. எங்கே போனார்கள் என்று சிவசாமி கேட்டுவைத்திருக்கவுமில்லை. வாசற்படியைப் பார்த்தபடி வெளியே வந்தார்.

மறுநாள் காலை, மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கொழுந்துப் பெண்கள் கூடையோடு எதிரே வந்தார்கள், காளியாயி முன்னால். உத்தியோகத்தர் எதிர்ப்பட்டால் பெண்கள்தாம் பாதையோர மழைநீர்க் கானுக்குள் இறங்கி வழிவிடுவது தோட்டத்து வழக்கம். அவள் ஒரு காலை இறக்குவதற்குள் சிவசாமி இறங்கிவிட்டார். மழைத்தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது.

"ஐயோ, ஏறுங்கய்யா, சப்பாத்து நனையுது!"

அவர் நிமிரவில்லை. கடைசிக் கூடை கடந்து போகும்வரை கானுக்குள்ளேயே நின்றார்.