நோன்பில் அணையாத கணினி

பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். அந்தூரியச் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், சவரம் செய்தேன், பாணும் பருப்பும் சாப்பிட்டேன், நேற்றைய நாட்குறிப்பில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். எல்லா நாளையும் போலத்தான். பிறகு மின்சாரம் போனது. மின்சாரம் போனாலும் பேட்டரியில் கணினியைத் தாங்க வேண்டிய, மேசைக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ். இரண்டு தரம் கத்திவிட்டுக் கணினியோடு சேர்ந்து அணைந்தது. கட்டுகஸ்தோட்டைக் கணினிக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். நாளைக் காலை ஒருவரை அனுப்புவார்களாம்.

பழைய புத்தி விடவில்லை. மூடியைக் கழற்றினேன். பேட்டரி முனையில் பச்சை பூத்துக் கிடந்தது. அந்தப் புளித்த வாடை என்னை நேரே அலவத்துகொடைக்குக் கொண்டுபோய்விட்டது.

மின்வெட்டு முறை வைத்து வந்த காலம் அது. நான் கண்டியில் ஒரு கணினி விற்பனை நிலையத்தில் யூ.பி.எஸ். பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் ஒரு மீட்டர், உப்புத்தாள், பேட்டரி பாரம் தாங்குகிறதா என்று எரித்துப் பார்க்கப் பலகையில் பொருத்திய இரண்டு பல்புகள். அந்தப் பல்புகளை நான் எத்தனை பத்திரமாகச் சுமந்தேன் என்பதை மாத்தளை பஸ் நடத்துநர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அலவத்துகொடையில் ஹாஜியார் ஒருவரின் ஹாட்வெயார் கடை. சாயத் தகரமும் ஆணியும் மணக்கும் அந்தக் கடைக்குக் கணினி வாங்க வைத்தவர் அவருடைய மகள் ரிஸானா. கணக்கு முழுவதையும் அவரே அதில் ஏற்றினார். ஆனால் மின்சாரம் போனால் சில நாட்களில் யூ.பி.எஸ். தாங்கும், சில நாட்களில் அந்தக் கணமே விழும். விழுந்தால் அன்றைய வேலை போச்சு. நான் பேட்டரியை மாற்றினேன், முனைகளைத் தேய்த்தேன், பெட்டியைக் கண்டிக்கே தூக்கிவந்து பல்புகளை எரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அலவத்துகொடைக்குப் போனால் என் கண் முன்னாலேயே விழும்.

நோன்பு மாதத்தில் மட்டும் முறைப்பாடே வரவில்லை. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். பெருநாள் முடிந்த கையோடு அழைப்பு வந்தது.

இந்த முறை ஹாஜியார் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தரம் அணைஞ்சா மெஷின தூக்கிட்டுப் போங்க தம்பி. மகள் ஊட்டோட ஈக்கட்டும்." சொல்லிவிட்டு, வழக்கம்போல எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் போனார். விருந்தாளிக்கு அவர் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். வேறு யாரையும் விடமாட்டார்.

ரிஸானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் நின்றுவிட்டன. அந்த நேரம் மின்சாரம் போக, யூ.பி.எஸ். விழுந்தது. சற்றுப் பொறுத்து ஆவி பறக்க ஒரு கோப்பை என் கைக்கு வந்தது. நான் அதைக் குடித்தபடியே வேலைத்தாளில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன்.

ரிஸானா அழவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. யோசித்தார். அந்தப் பொறுமையை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

"நோன்பு முழுக்க ஒரு நாளும் அணையல்ல அண்ணன். கரண்ட் போகாமலும் ஈக்கல்ல. நோன்புல நாங்க செய்யாதது என்ன?"

நான் கோப்பையைப் பார்த்தேன். அவரும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யூ.பி.எஸ்.ஸின் பின்னால் ஒரு வயர் கூடுதலாக இருந்தது. நான் வரும்போதெல்லாம் அதைக் கணினியின் வயர் என்றே எண்ணியிருந்தேன். ரிஸானா சாயத் தகரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி அதன் வழியே போனார். தடுப்புக்கு அடியில் நுழைந்து, ஹஜ்ஜுக்குப் போனபோது ஹாஜியார் மக்காவில் வாங்கிய சின்ன மின்சாரக் கேத்தலில் அது முடிந்தது. கரண்ட் இல்லாத நேரத்திலும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று அவரே பூட்டிய வயர். மின்சாரம் இருக்கும்வரை கேத்தல் பேசாமல் கொதித்தது. பேட்டரிக்கு மாறியதும் அந்தப் பாரத்தில் யூ.பி.எஸ். படுத்துவிட்டது. நான் வந்தால் தவறாமல் பழுது வந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

ரிஸானா தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மக்கத்துக் கேத்தல் வாப்பா. இங்க புழுதியில பழுதாகிடும். நான் காலையிலயே பிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டுவாறன்."

ஹாஜியார் வயரைப் பார்த்தார், என் கோப்பையைப் பார்த்தார். மகள் தன் மானத்தைக் காத்தது அவருக்குப் புரியாமல் இல்லை.

"அப்ப தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்தி ஊத்தி நான்தான் மெஷின சாகடிச்சீக்கிறன்," என்றார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டே, "சரி. மகள் கடையில ஈக்கட்டும். கேத்தல் ஊட்டுக்குப் போகட்டும்."

முறை வைத்த மின்வெட்டு போய்விட்டது. ஹாஜியாரும் போய்விட்டார். கடையை இப்போது ரிஸானா நடத்துகிறார், கூரையில் சூரியத் தகடுகள். கணினிக்கு ஏதாவது வந்தால் கொழும்பில் இருந்தபடியே யாரோ சரிசெய்துவிடுகிறார். திரையில் அம்புக்குறி தானாக ஓடுகிறது. "வேலை சுத்தம் அண்ணன். ஆனா கொழும்புல ஈக்கிறவருக்குத் தேத்தண்ணி குடுக்க ஏலாதே," என்று போன முறை கண்டபோது ரிஸானா சொன்னார்.

பெப்ரவரி 12, புதன்கிழமை. எழுந்ததும், அந்தூரியங்களுக்கு முன்னால், அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கை நிரப்பினேன். பழுது பார்ப்பவர் வருகிறார்.