பொழுது போவதற்கு ஒரு வேலை

கிணத்துக்கடவுக்கு மேற்கே எங்கள் தோட்டத்தை ஒட்டியது சென்னியப்பனின் தோட்டம். அவன் மகள் கலாமணி தொண்ணூற்று நான்கில் பி.காம். முடித்தாள். எங்கள் பக்கத்தில் அவ்வளவு படித்த முதல் பெண்பிள்ளை அவள்தான். இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் படிப்பு முடிந்த கோடையில் அவர்கள் கிணறு வற்றியது. எருமை இரண்டையும் சந்தைக்கு ஓட்டினார்கள். கலாமணிக்கு வேலை கிடைத்தால் தோட்டம் தப்பும், இல்லாவிட்டால் பாதியை விற்க வேண்டும். இது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் இங்கே மரியாதை.

கோயம்புத்தூரில் பாலுசாமி என்பவர் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருந்தார். ஆபீசுக்கு ஆள் வேண்டுமென்று இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தார். தனியாக எப்படி அனுப்புவது என்று சென்னியப்பனும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடப் போனான். நடந்ததைக் கலாமணியே பிறகு என்னிடம் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் அவள் நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் முதலாளி அவள் அப்பனிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

"தோட்டம் எத்தனை ஏக்கருங்க?"

"ஏழு ஏக்கருங்க. பூராவும் தென்னைங்க."

"அப்புறம் எதுக்குங்க அம்மணிய வேலைக்கு அனுப்பறீங்க?"

சென்னியப்பனுக்கு அங்கே தலைகுனிய மனம் வரவில்லை. "வேலைக்குப் போயித்தான் ஒல வெக்கோணும்னு இல்லீங்க. கல்யாணம் ஆகற வரைக்கும் பொழுது போகோணுமில்லீங்க," என்று சொல்லிவிட்டான்.

ஒரு வாரத்தில் கார்டு வந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

"ஏனுங்கப்பா, ஏழு ஏக்கரும் காஞ்சு கெடக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?"

"கண்டவங்ககிட்டப் போயி கை நீட்டச் சொல்றியா கண்ணு?"

"நான் வேலைதானுங்கப்பா கேக்கறேன்."

மறுநாள் அம்மா வெங்கடம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு அவளே பஸ் ஏறினாள். உக்கடத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, கம்பெனி கேட்டில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு பாலுசாமி உள்ளே கூப்பிட்டார்.

"ஆள் போட்டாச்சே அம்மணி. உங்களுக்கென்ன, தோட்டந்தொரவு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க. உங்க கம்பெனி மோட்டாருதானுங்க கெணத்துல கெடக்குது. நாலு மாசமா சுச்சு போடலீங்க. தண்ணி இல்லீங்க. அப்பா வெளியில சொல்ல மாட்டாருங்க."

அவர் ஒரு கடிதக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். மோட்டார் இழுக்கவில்லை என்று தோட்டக்காரர்கள் எழுதியவை.

"இதுல எது மோட்டாரு கோளாறு, எது தண்ணி இல்லாததுன்னு சொல்லு, பாக்கலாம்."

கலாமணி நின்றபடியே பதினொரு கடிதத்தையும் படித்து இரண்டாகப் பிரித்து வைத்தாள். தண்ணீர் இல்லாத ஒருவர்கூட அப்படி எழுதவில்லை. சத்தம் மட்டும் வருகிறது, வந்து பாருங்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமை முதல் வரச் சொல்லிவிட்டார்.

சென்னியப்பன் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் அவனே மொபெட்டை எடுத்து அவளை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டி வந்தான். நானும் அங்கே நின்றிருந்தேன். அவனுக்கு மாமன் முறையாகும் சுப்பண்ணனும் நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, அம்மணி எங்க கெளம்பிருச்சு?"

சென்னியப்பன் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டான். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

"வேலைக்குங்க மாமா."

"சும்மா பொழுது போகட்டும்னா?"

"இல்லீங்க. கெணத்துல தண்ணி இல்லீங்க."

பஸ் வந்துவிட்டது. கலாமணி முன்படியில் ஏறிக்கொண்டாள்.