புளிக்காசும் வீட்டுப் பத்திரமும்

கொட்டைப்புளி மூட்டையின் வாயை அவிழ்த்தால் முதலில் வருவது தூசி. தும்மி முடித்த பிறகுதான் வாசனை வரும். நாள் முழுக்க அந்தப் புளியின் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்ன இரும்புத் தடியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுத்தால், நகக்கண்ணில் சாறு இறங்கி, சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது விரல் நுனிகள் காந்தும். பாப்பிரெட்டிப்பட்டியில் மாசி முதல் சித்திரை வரை எங்கள் தெருவில் பல வீடுகளில் இந்த வேலை நடந்தது. வியாபாரியின் வண்டி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். கொட்டை நீக்கிய புளியை எடைபோட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தருவார்கள். "புளி தட்டுறது" என்று அதற்குப் பெயர். மற்ற வீடுகளில் அந்தக் கூலி அரிசிக்கும் பருப்புக்கும் போனது. எங்கள் வீட்டில் அது வங்கிக்குப் போனது.

அப்பா அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். எனக்கு ஆறு வயதானபோது, மனைப் பத்திரத்தை வங்கியில் வைத்து இரண்டு லட்சம் கடன் வாங்கி, மெயின் ரோட்டோரம் சின்னதாக ஒரு வீடு கட்டினார். இருபது வருடக் கடன், மாதத் தவணை இரண்டாயிரம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அப்பா பொம்மிடியில் இருந்த வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டு வருவார். மூன்று வருடம் கழித்து ஒருமுறை, பள்ளியில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் அவரால் போக முடியவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பணத்தைக் கட்டிய பிறகும் கவுண்டரை விட்டு நகராமல், "மூணு வருசமா கட்டறோங்க. எவ்வளோ கொறஞ்சிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

உள்ளே இருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பத்தாயிரத்துச் சொச்சம் குறைஞ்சிருக்கும்மா" என்றார்.

"நாங்க எழுவத்திரண்டாயிரம் கட்டியிருக்கறோமே."

"மிச்சம் வட்டிக்குப் போயிடுச்சு. ஆரம்பத்துல அப்படித்தான் போகும். கையில காசு சேர்ந்தா அசலுக்குன்னு தனியா எழுதிக் கட்டுங்க. அசல்ல எவ்வளவு குறையுதோ, அந்த அளவுக்கு அப்புறம் வட்டி கிடையாது."

 மறுநாள் அம்மா கேபிள்காரரை வரவழைத்து இணைப்பை எடுக்கச் சொன்னாள். சர்க்கரை போய் வெல்லம் வந்தது. பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டரானது. அப்பா வாங்க நினைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிள் யோசனையிலேயே நின்றுவிட்டது. அப்பாவுக்கு இதில் முழுச் சம்மதம் இருந்ததாகச் சொல்ல முடியாது. "ஊரே இருவது வருசம்தான் கட்டுது" என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "ஊரு கட்டட்டும்ங்க" என்று அம்மா முடித்துவிட்டாள். மாசி பிறந்ததும் எங்கள் முன்னறையிலும் மூட்டைகள் இறங்கின.

அம்மா எதையும் எனக்கு மறைக்கவில்லை. ஒன்பது வயதில் எனக்கு எங்கள் கடன் பாக்கி ரூபாய்க் கணக்கில் தெரியும். அதனால் அதன்மேல் எனக்குப் பாசம் வந்துவிடவில்லை. டிவி ரிப்பேர் என்று பள்ளியில் பொய் சொன்னேன். ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா போனபோது வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டேன். கறுத்த நகங்களை டீச்சர் பார்த்துவிடாமலிருக்க விரல்களை மடக்கியே வைத்திருந்தேன். முதல் வருடம் பன்னிரண்டாயிரம் அசலுக்குப் போனது. அந்த ரசீதை அம்மா அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். எனக்கு அது சாதாரணக் காகிதமாகத்தான் தெரிந்தது.

இரண்டாம் வருடம் சேர்ந்த ஒன்பதாயிரத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு, அம்மாவும் நானும் பொம்மிடி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அப்போது அப்பாவின் அக்கா, நல்லம்பள்ளியில் இருந்த என் அத்தை, வாசலில் வந்து நின்றாள். மாமா தென்னை மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து சேலத்தில் கிடந்தார். ஆபரேஷனுக்குப் பணம் கட்ட வேண்டும். அத்தை அழவில்லை, உட்காரவும் இல்லை.

"எவ்வளோ இருந்தாலும் குடுங்க. நான் எப்படியாவது திருப்பறேன்" என்றாள்.

அப்பா அம்மாவின் கையிலிருந்த பையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அம்மா பையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, "பஸ்ஸு வருது, போங்கண்ணி" என்றாள். அவ்வளவுதான். அன்று அந்தப் பஸ்ஸில் அத்தை மட்டும் ஏறினாள்.

கொடுத்துவிட்டாளே தவிர அம்மாவால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பல நாள் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. "ஏம்மா குடுத்த?" என்று நான் கேட்டபோது, "மனுசன் கால் ஒடிஞ்சு கெடக்கறப்ப வேற என்ன பண்றது? குடுத்துட்டேன். ஆனா வயிறு எரியுது, அதையும் சொல்லாம இருக்க முடியல" என்றாள். அந்த வருடம் அசல் தவணைப்படிதான் குறைந்தது. மாமா பிழைத்துக்கொண்டார், ஆனால் மரம் ஏறும் வேலை அதோடு போயிற்று.

அடுத்த மாசியில் மூட்டைகள் இறங்கிய மூன்றாம் நாள், இரண்டு புடவைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அத்தை வந்தாள்.

"மல்லிகா, பணமா குடுக்க என்கிட்ட இல்ல. மாமாவ எம் பையன் பாத்துக்குவான். நான் இருந்து புளி தட்டித் தரேன். கூலிய நீயே வெச்சுக்கோ."

"எதுக்குங்கண்ணி இதெல்லாம்" என்றாள் அம்மா. ஆனால் போகச் சொல்லவில்லை. கோணிச் சாக்கை விரித்து இடம் விட்டாள்.

அத்தை எட்டு வாரம் தங்கினாள். அம்மா ஒரு கிலோ தட்டும் நேரத்தில் அவள் ஒன்றரைக் கிலோ தட்டுவாள். முதல் வாரம் இருவருக்கும் நடுவே தடிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. பிறகு மாமாவின் காலைப் பற்றி ஒரு பேச்சு, என் படிப்பைப் பற்றி ஒரு பேச்சு என்று ஆரம்பித்து, எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. மறுவருடமும் வந்தாள். அந்தப் பருவத்தின் கடைசியில் அம்மா, "கணக்கு முடிஞ்சுதுங்கண்ணி, நீங்க ஊருக்குப் போங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு மூட்ட இருக்குது."

"நான் எழுதி வெச்சிருக்கறேன். முடிஞ்சுது."

"நானும் மனசுல வெச்சிருக்கறேன். முடியல" என்று அத்தை தடியை எடுத்தாள். இரண்டு மூட்டையையும் முடித்துவிட்டுத்தான் போனாள். யார் கணக்கு சரி என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படியே ஆண்டுக்குக் கொஞ்சமாக அசல் கரைந்தது. அப்பாவின் சம்பளம் உயர்ந்தபோதும் வீட்டுச் செலவை அம்மா உயர்த்தவில்லை. இருபது வருடக் கடன் பதினோராம் வருடம் முடிந்தது. நான் அப்போது பிளஸ் டூ. வங்கியிலிருந்து வந்த பத்திரத்தை அப்பா முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தார். நான்கெல்லை சொல்லும் இடம் வந்ததும் நிறுத்தி, அதை மறுபடி படித்தார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் கேபிள்காரர் வந்தார். எனக்குப் பரீட்சை நெருங்கிவிட்டதால் நான் டிவி பார்க்கவில்லை.

இப்போது எனக்கும் ஓசூரில் அடுக்குமாடியில் ஒரு வீடும் அதன்மேல் கடனும் இருக்கின்றன. ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடுகிறது. போனில் ஒரு செய்தி வரும், சில மாதம் அதைத் திறப்பதுகூட இல்லை. கடன் பாக்கி எவ்வளவு என்று என் மகளுக்குத் தெரியாது. எனக்கும் கேட்டவுடன் சொல்லத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்மா முன்கூட்டியே அடைத்த அந்த இருபது வருடக் கெடு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்த சமயம், சாலையை அகலப்படுத்தியபோது அம்மா வீட்டின் முன்பக்கத்தை இடித்தார்கள். முன்னறையும் வாசற்படியும் இருந்த இடத்தில் இன்று தார் போட்டிருக்கிறது. பஸ்கள் அதன்மேல் போகின்றன. நாங்கள் பதினோரு வருடம் கட்டியதைவிட அதிகமான தொகை, இழப்பீடாக ஒரே நாளில் அம்மா அப்பா கணக்கில் ஏறியது. அம்மா வருத்தப்படுவாள் என்று நினைத்து லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். அவள் மிச்சமிருந்த சுவருக்குப் புதிதாகப் பூச்சு பூசுகிறவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்காம்மா அவ்வளவு கஷ்டப்பட்டோம்?" என்று கேட்டுவிட்டேன்.

"நம்ம வூடா இருக்கங்காட்டித்தான் நம்மகிட்ட கையெழுத்துக் கேட்டு எடுத்தாங்க" என்றாள் அம்மா. "பத்திரம் பேங்குல இருந்திருந்தா, காசு நேரா அங்கதான போயிருக்கும்."