முதலில் சாப்பிடு

அப்பா திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகளில் அம்மா சிரிக்காதது ஒன்று உண்டு. எல்லையிலிருந்து லீவில் வந்தவரை வாசலில் நிற்கவைத்துவிட்டு, உள்ளே அம்மா எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கதை.

அப்போது எனக்கு ஏழு வயது. கல்கத்தாவில் பாலிகஞ்ச் பக்கம் ராணுவக் குவார்ட்டர்ஸில் நானும் அம்மாவும் இருந்தோம். எங்களைப் போலவே அங்கே எல்லா வீட்டிலும் பெண்களும் பிள்ளைகளும்தான். சண்டை முடிந்துவிட்டதென்று டிவியில் சொல்லியாயிற்று. ஆனாலும் எப்போதாவது ஒரு பச்சை ஜீப் வரும். எந்த ப்ளாக் முன்னால் நிற்கிறதென்று எல்லாரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். சண்டை நடந்த கோடையில் அது எதிர் ப்ளாக்கில், நான் காக்கிமா என்று கூப்பிடும் வங்காளிச் சித்தி வீட்டு முன் நின்றது. அன்று அந்த வீட்டில் வடித்த சோறு அப்படியே கிடந்து ஊசிப்போனது. அவர் பிள்ளைகள் இருவரையும் அம்மா எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எவ்வளவு கெஞ்சியும் அவர்கள் ஒரு வாய் வாங்கவில்லை. அப்படியே தூங்கிப்போனார்கள்.

துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஜீப் எங்கள் ப்ளாக் முன்னால் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் மாடி ஏறி வந்தது. எங்கள் கதவைத் தட்டினார்கள். நான் ஓடினேன். அம்மா என்னை இழுத்துப்போய் அடுப்படியில் உட்கார வைத்தாள்.

"மொதல்ல சாப்பிடு."

"யாரோ வந்திருக்காங்கம்மா."

"நிக்கட்டும். நீ சாப்பிடு கண்ணு."

பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். போதுமென்றால் விடவில்லை. அடம்பிடித்தால் முதுகில் ஒன்று வைப்பவள், அன்று கெஞ்சினாள். கதவு தட்டுவது நிற்கவே இல்லை. தட்டை வழித்துக் கடைசி வாயையும் கொடுத்து, என் வாயைத் துடைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அடியே, நான்தான்டி! செத்தா கெடக்கீங்க உள்ள?"

அப்பா! ஹவுராவில் ரயில் இறங்கி, கேம்ப்புக்குத் திரும்பிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களை அசத்த வேண்டுமாம். அதனால்தான் சேதியும் சொல்லவில்லை, அத்தனை நேரம் வாயும் திறக்கவில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

பிறகு மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் அப்பா இதைச் சொல்லிச் சிரித்தார். "புருஷன் வாசல்ல, புள்ளைக்கு விருந்து உள்ள!" கதவு தட்டும் சத்தத்தை நான் மேசையில் தட்டிக் காட்டுவேன். அம்மா காப்பி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். அவளுக்குத் தமாஷே பிடிக்காதென்று நாங்கள் இருவரும் முடிவுகட்டியிருந்தோம்.

அம்மா போன பிறகு, என் பிள்ளைக்குப் பருப்புச் சோறு பிசையும்போது ஒருநாள் என் கை நின்றுவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். அதன்பின் அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

வெளியே நிற்பது அப்பா என்று அவள் ஒரு கணமும் நினைக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டால் அன்றைக்கு நான் சாப்பிடமாட்டேன் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.