திரும்பப் பெற்ற சாட்சி

என் வலி வலது கன்னத்தில் இருக்கிறது. இருந்தது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். ஒரு முறை சபைக்கு முன்னால் நின்று அப்படித்தான் சாட்சி சொன்னேன். அதைத் திருத்துவதற்கும், அந்தத் திருத்தத்தில் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்வதற்கும்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். வயது இருபத்தேழு. வீடு திருவொற்றியூரில். டிப்ளமோ முடித்துவிட்டு, எண்ணூர், மணலி தொழிற்சாலைகளில் இருந்து வரும் பிரஷர் கேஜ்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கொதிகலனில் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கேஜ் காட்டினால், அது காட்டுவது உண்மைதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

மூன்று வருடத்துக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கும்போது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது போல் இருந்தது. பத்து விநாடி இருக்கும். நின்றுவிட்டது. அன்று மாலை வண்டியில் திரும்பும்போது எண்ணூர் சாலையில் கடல் காற்று முகத்தில் பட்டதும் மறுபடியும் வந்தது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டியை எப்படி ஓரம் கட்டினேன் என்று தெரியாது. அந்த வாரத்துக்குள் சாப்பிட, பேச, முகம் கழுவ, எல்லாவற்றுக்கும் பயந்தேன்.

பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி அப்படியே இருந்தது. பக்கத்துப் பல்லையும் பார்க்கலாம் என்றார். நான் திரும்பப் போகவில்லை. அரசு மருத்துவமனையில் நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கோளாறு பல்லில் இல்லை, முகத்துக்கு வரும் நரம்பில் இருக்கிறது என்றார். இது வரும், சில நாள் காணாமல் போகும், திரும்பவும் வரும் என்றார். மாத்திரை எழுதினார். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

மாத்திரை வலியைப் பாதியாகக் குறைத்தது. தலையும் சுற்றியது. ஒரே கேஜை மூன்று முறை படித்தும் எண் மனதில் நிற்காத நாட்கள் உண்டு. என் அம்மாவுக்கு வேறு கவலை.

"கல்யாணம் ஆவாத பொண்ணு, தெனம் நாலு மாத்திர. பொண்ணு பாக்க வர்றவங்க கைல இன்னான்னு சொல்றது?"

"வரட்டும்மா, அப்போ பாத்துக்கலாம்."

"வாயத் தொறந்தாலே வலிக்குதுன்றே. எனக்குப் பதில் சொல்ல மட்டும் வாய் வருது."

ஒரு நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, வலி எத்தனை முறை, பத்துக்கு எவ்வளவு, அன்று என்ன செய்தேன். யானைக்கவுனியில் ஒரு துணிக்கடையின் மாடியில் அக்குபங்சர், பத்து நாள். ஊசி போட்ட இரவுகளில் நன்றாகத் தூங்கினேன். வலியின் எண்ணிக்கை மாறவில்லை. சித்த வைத்தியர் கொடுத்த தைலம் கழுத்து இறுக்கத்துக்கு நல்லது, கன்னத்தில் தேய்க்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்ன கஷாயத்தில் எனக்கு வாந்திதான் வந்தது. அதைக் கொடுத்தவர்களும், மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று சொன்னவர்களும் என்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மாத்திரையைப் பிரிக்கும்போது, திருடுவது போல் இருக்கும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு வருடம் போனது. வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் என்றால் ஏன் இருக்க வேண்டும் என்றுகூட ஒரு நாள் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பிறகு நம் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். போதகர் எனக்காக ஜெபித்தார். அன்று மதியத்துக்குப் பின் வலி வரவில்லை. சனி வரவில்லை. ஞாயிறு வரவில்லை. திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்தினேன். போதகரோ சபையாரோ யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானே முடிவு செய்தேன். பன்னிரண்டு நாள் நோட்டில் பூஜ்யம். அடுத்த ஞாயிறு சபை முன் நின்று, ஆண்டவர் என்னைப் பூரணமாகச் சுகமாக்கினார், டாக்டருக்கு மேல் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி, காலி மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். பலர் அழுதார்கள். நானும் அழுதேன். அன்று நான் பொய் சொல்லவில்லை.

இருபதாம் நாள் வலி திரும்பி வந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விசுவாசம் குறைந்ததால்தான் வந்தது என்பார்களோ என்று பயந்தேன். ஆண்டவருடைய பெயருக்கு அவமானம் வரக் கூடாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெயரைப் பற்றிய பயம்தான் பெரிது. யாருக்கும் தெரிவதற்குள் இதை எடுத்துப்போடும் என்று தினமும் ஜெபித்தேன். மாத்திரையை மறுபடியும் வாங்கி, ஆய்வுக்கூடத்தில் என் கருவிப் பெட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சகோதரிகள் என் வலது கன்னத்தைத் தொட்டு ஸ்தோத்திரம் சொல்வார்கள். தொடும்போதெல்லாம் மின்சாரம் பாயும். தொடும்போதெல்லாம் சிரிப்பேன். இரண்டு மாதம் இப்படிப் போனது.

அதன் பிறகு ஒரு ஞாயிறு, ஸ்டெல்லா அக்கா ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்தார். காசிமேட்டில் மீன் விற்கிறவர். பத்து வருடமாகச் சர்க்கரை. அதனால் பாதத்தில் நரம்பு எரிச்சல். ஐஸ் பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டுதான் வியாபாரம் செய்வார்.

"எஸ்தரு, உங்கைல ஒண்ணு சொல்லணும் கண்ணு. நீ சாட்சி சொன்ன மறுநாளே நானும் வுட்டுட்டேன். சுகர் மாத்திர, எரிச்சல் மாத்திர ரெண்டும். இப்போ எரிச்சலே இல்ல. கால் கீதா இல்லையான்னே தெர்ல."

கேஜின் முள் பூஜ்யத்தில் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். அழுத்தம் இல்லாமல் இருக்கலாம். கேஜ் செத்துப்போயிருக்கலாம். அக்காவின் காலில் எது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்தது.

"டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிடுங்கக்கா," என்றேன்.

"டாக்டருக்கு மேல டாக்டர் கீறாரு. நீதானே சொன்ன?"

என் வலி திரும்பி வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிரச்சினை. மற்ற கேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாஸ்டர் கேஜ் வைத்திருப்போம். அதுவே பிசகியிருந்தது தெரியவந்தது. அதை வைத்துக் கையெழுத்தான சான்றிதழ்கள் முப்பத்தொன்று. எங்கள் மேலாளர் முருகேசன் சார் அத்தனையையும் திரும்பப் பெறச் சொன்னார்.

"ஒருத்தனும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலயே சார்," என்றான் என்னுடன் வேலை செய்யும் தினேஷ். "லெட்டர் போட்டா நம்மள காறித் துப்புவானுங்க."

"துப்பட்டும். பாய்லர் வெடிச்சா துப்பறதுக்கு அவன் இருக்க மாட்டான்," என்றார் சார். "எஸ்தர், நீ லெட்டர் அடி. தினேஷ், நீ போன்ல திட்டு வாங்கு. உனக்குத்தான் தோல் கெட்டி."

நான் கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். நாங்கள் வழங்கிய சான்றிதழ் தவறானது, தயவுசெய்து அதை நம்பி இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம். முப்பத்தொரு பெயர்களுக்கும் அதே வரி. ஏழாவது கடிதத்தில் கை நின்றுவிட்டது. என் கையெழுத்தை நம்பி ஒருவர் தன் காலைப் பணயம் வைத்திருக்கிறார்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்து ஜெபித்தேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாகக் கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஆண்டவரே, நான் போய்ச் சேரும்வரை அந்தக் காலைக் காப்பாற்றும். எனக்குச் சொல்ல வாய் கொடும்." இவ்வளவுதான். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போனேன்.

அக்கா வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது சுண்டுவிரலில் ஈரத் துணி சுற்றியிருந்தது.

"நண்டு கொடுக்கு குத்திகீது போல. நாலு நாளாச்சு. ரத்தம் வந்ததே தெர்ல, பக்கத்துக் கடக்காரி பாத்து சொன்னா. ஆண்டவரு வலியே இல்லாம வச்சிகிறாரு பாரு."

துணியை அவிழ்த்தேன். விரல் கறுத்திருந்தது. சிவப்பு பாதத்தில் ஏறியிருந்தது.

என் வலி திரும்பி வந்ததையும், மாத்திரை சாப்பிடுவதையும், மறைத்ததையும் சொன்னேன். பேசும்போதே கன்னத்தில் வெட்டியது. பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமாக்கா."

"அப்போ போன வாரம் கோயில்ல கேட்டேனே, அப்பவும் தெரியும் உனக்கு."

"தெரியும்."

"கை தட்டு வாங்கறப்போ மைக்கு புட்சி பேசுன. இத சொல்ல மட்டும் மைக்கு கெடைக்கலயா?"

மருத்துவமனைக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டேன். வழியெல்லாம் அக்கா ஆட்டோக்காரரிடம் மட்டும் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னார்.

சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளைத்தான் நான் மாடிப்படியில் கேட்டேன். கேட்டபடி கிடைத்தது. விரலை நினைத்தால் எனக்குத் துக்கம். பாதத்தை நினைத்தால் ஸ்தோத்திரம். இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

சனிக்கிழமை போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி, சாட்சியைத் திரும்பப் பெற அனுமதி கேட்டேன். "நீ சாட்சி சொன்ன நாளிலிருந்து உன்னை எல்லாருக்கும் காட்டினேனே தவிர, எப்படிம்மா இருக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை," என்றார். மறுநாள் எனக்கு நேரம் கொடுத்தார். நின்று பேசினேன். வலியால் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. யாரும் கை தட்டவில்லை.

ஆராதனை முடிந்ததும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு ஐயா என்னிடம் வந்தார். "பிரஷர் மாத்திர நானும் வுட்டுட்டேம்மா. ஊட்ல தெரியாது. நாளைக்கிப் போயி வாங்கிக்கறேன்." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

இப்போது நான் மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதில் தலைசுற்றல் குறைந்திருக்கிறது. கழுத்துக்குத் தைலம் தேய்க்கிறேன். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். மாத்திரையா மாற்று வைத்தியமா என்று இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: எதைச் செய்தாலும் மறைத்துச் செய்யாதீர்கள். அந்த இருபது நாள் விடுதலையும் ஆண்டவர் தந்ததுதான் என்று நம்புகிறேன். அது நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டது நான். வலி சில நாள் கடுமையாகவே வருகிறது. ஆனால் அம்மா தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வந்து நிற்கிறார். நான் யாருக்கும் தெரியாமல் எதையும் விழுங்குவதில்லை. சுகம் என்று நான் கேட்டதில் இது எனக்குக் கிடைத்த பங்கு. இதற்காக அவரைத் துதிக்கிறேன்.

ஸ்டெல்லா அக்கா சர்க்கரைக்காரர்களுக்கான செருப்புப் போட்டுக்கொண்டு சபைக்கு வந்துவிட்டார். என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்டேன்.

"மன்னிச்சிட்டேன். ஆனா வெரல் நெனப்பு வர்றப்பல்லாம் திரும்ப மன்னிக்க வேண்டிகீது. நீ ஒண்ணும் அவசரப்படாத."

பிரியமானவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார். சுகமானால் சொல்லுங்கள். திரும்பி வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்; அதனால் அவர் சிறியவர் ஆகிவிட மாட்டார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அக்காவும் நானும் சேர்ந்து உட்காருகிறோம். ஆராதனை முடிந்ததும் உடனே எழுந்து போகமாட்டோம். யாரிடமும் சொல்லாத ஒன்று உங்களிடம் இருந்தால், வந்து பக்கத்தில் உட்காருங்கள்.