மூன்றா, எட்டா?

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அந்தப் பெண்மணிக்கு வேலை. முன்வரிசையில் இருப்பவர்கள் அழைப்பைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் முகவரி அவர் திரையில் வந்து விழும். அதை வயர்லெஸ்ஸில் ஓட்டுநருக்கு வாசிக்க வேண்டும். வாசிப்பில் பிசகினால் வண்டி வேறு வாசலில் போய் நிற்கும்.

அவர் மேசைக்கு அகலமான புதுத் திரை வந்த வாரத்தில்தான் எழுத்துகள் கலங்க ஆரம்பித்தன. ஓரங்களெல்லாம் ஈரத்தில் ஊறிய மாதிரி இருந்தன. திரைமேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அப்பாவுக்குப் பார்வை போனது ஏறக்குறைய இதே வயதில். பேருந்துப் பலகை பளிச்சென்று தெரிகிறதே என்று தேற்றிக்கொண்டால், அப்பாவுக்கும் முதலில் தூரம் தெரிந்ததே என்று அதே மனம் பதில் சொன்னது.

"ஏன் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு உப்பு டப்பா மேல இருக்குற எழுத்தப் பார்த்துட்டிருக்க?" என்றார் கணவர்.

"தூசி விழுந்துடுச்சு."

ஒரு நாள் காலை, மூச்சுத் திணறும் ஒரு பெரியவருக்காக அழைப்பு வந்தது. கதவு எண் முப்பத்தாறு என்று வாசித்தார். சற்று நேரத்தில் ஓட்டுநரின் குரல் கேட்டது.

"முப்பத்தாறுல பூட்டின கடைதான்மா இருக்கு. நல்லாப் பாருங்க!"

மூக்கு இடிக்கிற அளவு குனிந்தார். மூன்றா, எட்டா?

"எண்பத்தாறு... எண்பத்தாறுண்ணா! சீக்கிரம் போங்க!"

பெரியவர் பிழைத்துக்கொண்டார். கண் மங்குகிறது என்று சொன்னால் இவருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் யாருடைய உயிராவது போகும். பணி முடிந்ததும் மேற்பார்வையாளர் அறைவரை போனார். கதவைத் தட்டக் கை எழவில்லை. மறந்து வைத்த பையை எடுக்கத் தன் மேசைக்கே திரும்பினார்.

அதே மேசையில் அடுத்த ஷிப்ட் பார்க்கும் பையன் அங்கே உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாததால் அவனுக்கு 'அரட்டை' என்று பெயர். சில நாட்களாக அவன் வாயே திறப்பதில்லை. இப்போது பூதக்கண்ணாடியைத் திரையில் ஒட்டிப் பிடித்திருந்தான். இவரைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குக் கண்ணு..."

"உனக்கும் தெரியலையா?"

இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் தனக்கும் ஒரே நேரத்தில் கண் எப்படிப் போகும்?

பக்கத்து மேசைக்காரரிடம் அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அரட்டை திரையின் அமைப்புகளைத் திறந்தான். பழைய சின்னத் திரைக்கு வைத்திருந்த ரெசல்யூஷனை, அதாவது திரைப் புள்ளிகளின் அளவை, யாரும் மாற்றவே இல்லை. புதுத் திரைக்கு உரியதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினான். திரை முழுக்க இருண்டது.

"ஐயோ, என்னடா பண்ணித் தொலைச்ச!"

நொடியில் வெளிச்சம் திரும்பியது. எழுத்துகள் கத்தரித்து வைத்த மாதிரி துல்லியமாக இருந்தன. ஆனால் பொடிப்பொடியாக இருந்தன. எழுத்தளவை ஒரு படி கூட்டினான். எட்டு எட்டாகவே தெரிந்தது.

"இதுக்கா அக்கா நான் சாமியெல்லாம் கும்பிட்டேன்?" என்று அரட்டை சிரித்தான். அவருக்கு அழுகைதான் வந்தது. இருவருமாகப் போய் மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னார்கள். மற்ற திரைகளையும் அன்றே சரிபார்த்தார்கள்.

ஆனாலும் பயம் முழுதாக இறங்கவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இத்தன நாளா தனியாவா பயந்துட்டிருந்த?" என்றவர், மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

"இப்ப ஒண்ணும் இல்லம்மா. அப்பாவுக்குப் பார்வை போனதால வருஷா வருஷம் வந்து காட்டிட்டுப் போங்க," என்றார் மருத்துவர்.

தவறாமல் போகிறார். பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டதும் எல்லாம் மங்கும்போது, தெளியும்வரை கணவரின் சட்டைக் கையை விடுவதில்லை.