கறுப்பு ஆற்றில் விட்ட கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இங்கே அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி, லாண்ட்ரி ரூமில் ஏதோ நடமாடுகிறது என்று சொன்னபோது, "ஆமா ஆண்ட்டி, எலி" என்றவள். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை. நடந்தது நடந்ததுதான்.

என் கணவர் ரகுவுக்கு பிரேசில் என்றால் பைத்தியம். ரியோ, சால்வடார், இகுவாசு அருவி, மனாஸ் என்று நாள்வாரியாக எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டு வருடம் அந்த ஷீட்டிலேயே ஊர் சுற்றினோம். போகவிடாதது நான்தான். என் வேலையை வைத்துத்தான் எங்கள் விசா. வெளிநாடு போனால் திரும்பி வர தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் வாங்க வேண்டும், அதில் மாட்டிக்கொண்டு வேலையை இழந்தவர்கள் கதையை வாட்ஸ்அப்பில் படித்துப் படித்துப் பயந்து, "க்ரீன் கார்டு வரட்டும், போகலாம்" என்று ஒவ்வொரு வருடமும் வாயை அடைத்தேன். அவரும் சரி சரி என்று தலையை ஆட்டினார், ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாம் இல்லையா மனுஷன்! போன வருடம் காலை ட்ரெயினுக்காக பிரின்ஸ்டன் ஜங்ஷனில் நின்றவர் அப்படியே சரிந்தார். அவ்வளவுதான். பதினோரு வாரம் கழித்து என் க்ரீன் கார்டு தபாலில் வந்தது.

ஆத்திரத்தில்தான் டிக்கெட் போட்டேன். பதினாலு வயது மகள் தியாவை இழுத்துக்கொண்டு, நம் ஆட்கள் போகும் டூர் குழு ஒன்றில் சேர்ந்து, அவர் போட்ட வரிசை மாறாமல் போனேன். ரியோவில் அத்தனை பேரும் மலைமேல் கைவிரித்து நிற்கும் சிலைக்கு முன்னால் கைவிரித்து போட்டோ எடுத்தார்கள், எனக்கு எல்லோரையும் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது. சால்வடாரில் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் காராமணியை அரைத்து எண்ணெயில் போட்டு, அச்சு அசல் நம் வடை மாதிரியே விற்கிறார்கள். ரகு நாலு தின்றிருப்பார். நான் ஒன்றை வாயில் வைத்துவிட்டு அழுதேன். இகுவாசுவில் அருவிச் சாரலில் நனைந்தபடி நின்றேன். எவ்வளவு தண்ணீர்! பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடியதே தவிர குறையவில்லை.

கடைசியாக மனாஸ். அங்கே ஒரு கறுப்பு ஆறும் பால் விட்ட காப்பி நிறத்தில் இன்னொரு ஆறும் கலக்காமல் வெகுதூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நல்ல பகல், பதினோரு மணி வெயில். கறுப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மற்றது குளிரும், கையை விட்டுப் பாருங்கள் என்றான் கைடு. நான் படகின் விளிம்பில் சாய்ந்து இடது கையைக் கறுப்புப் பக்கம் விட்டேன்.

எதிர் பெஞ்சில் எங்கள் குழுவில் வந்த, பார்சிப்பனி ஊர்க்கார அங்கிள் ஒருவர். "உங்க ஹஸ்பெண்ட் இருந்திருந்தா எவ்ளோ என்ஜாய் பண்ணியிருப்பாரும்மா. என்ன பண்றது, எல்லாத்துக்கும் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "என்ன அங்கிள் கொடுத்து வெக்கணும்? அவரைப் போகவிடாம உட்கார வெச்சது நான்! விதி மேல ஏன் போடறீங்க, தைரியம் இருந்தா என் மேல போடுங்க!"

"அம்மா, ப்ளீஸ், எவ்ரிஒன் இஸ் லுக்கிங்" என்றாள் தியா. பார்க்கட்டுமே. இன்னும் கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் தண்ணீருக்குள் என் மணிக்கட்டை ஒரு கட்டைவிரல் அழுத்தியது.

நம்பினால் நம்புங்கள். பார்ட்டியோ கோயிலோ, நான் யாரிடமாவது எகிற ஆரம்பித்தால் ரகு யாருக்கும் தெரியாமல் என் மணிக்கட்டின் உள்பக்கம் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்துவார். போதும், விடு என்று அர்த்தம். எப்போதும் இரண்டுதான். இது தியாவுக்குக்கூடத் தெரியாது.

அன்றைக்கு ஒன்று, இரண்டு, கொஞ்சம் பொறுத்து மூன்று.

வெடுக்கென்று கையை இழுத்தேன். ஒரு தடமும் இல்லை. தியா எனக்கு வலப்பக்கம் இருந்தாள். அங்கிள் பாவம், இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு மிரண்டு போய் உட்கார்ந்திருந்தார். மீனாக இருக்கும் என்றான் கைடு. மீன் உரசும், கடிக்கும். ஆள் பார்த்து, இடம் பார்த்து அழுத்துமா?

ஊர் திரும்பியதிலிருந்து நான் வேண்டுமென்றே சண்டை போடுகிறேன். இந்தியன் க்ரோசரியில், தமிழ்ப் பள்ளி மீட்டிங்கில், யாரிடம் வேண்டுமானாலும். இடது கையை மேஜைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டுதான் கத்துகிறேன். ஒருவரும் அழுத்துவதில்லை.

அந்த மூன்றாவது எதற்கு? மன்னித்துவிட்டேன் என்றா? இல்லை, நீ சொன்னது சரிதான், நீதான் காரணம் என்றா? இருந்தவரைக்கும் பாதியை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார். செத்த பிறகாவது முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?